ஒரே தளத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டால்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, வேறு வேறு சொற்களில் ஒரே சிக்கலைப் பற்றிக் கேட்டிருக்கின்றன. தம்முடைய இணையத்தளத்தின் ஒரு பக்கமே கூகுள் தேடலில் மற்றொரு பக்கத்திற்குப் போட்டியாக வந்து நிற்கிறது என்பதே அந்தச் சிக்கல். எழுதியவர்களில் பெரும்பாலோர் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் சிறுதொழில் நடத்துகிறவர்கள். எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்குக் கொடுத்து வருகிறோம். என் மகன் வேர்ட்பிரஸில் ஓர் இணையத்தளம் அமைத்துக் கொடுத்திருக்கிறான். 'சுங்கை சிப்புட் கூடார வாடகை' என்று தேடினால், சில வாரங்கள் எங்கள் விலைப் பக்கமும் சில வாரங்கள் 2022-இல் எழுதிய ஒரு பழைய கட்டுரையும் மாறி மாறி வருகின்றன. இரண்டில் எதுவும் முதல் பக்கத்தில் நிலைப்பதில்லை. பக்கங்கள் தமக்குள் போட்டியிடுவதால் கூகுள் தண்டிக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். உண்மையா? எதை நீக்க வேண்டும்?
*கூடார வாடகைத் தொழில் செய்பவர், சுங்கை சிப்புட்*

பதில்: தண்டனை என்பது உண்மையன்று. ஒரே சொல் இரண்டு பக்கங்களில் இருப்பதற்காகக் கூகுள் எந்தத் தளத்தையும் தண்டிப்பதில்லை. கூடாரம் வாடகைக்கு விடுகிறவரின் தளத்தில் 'கூடாரம்' என்ற சொல் எல்லாப் பக்கங்களிலும் இருக்கத்தான் செய்யும். சிக்கல் சொல்லில் இல்லை. அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்கிறவர் எதை நாடி வருகிறாரோ, அதே தேவையை இரண்டு பக்கங்களும் நிறைவேற்ற முயல்வதால்தான் இது வருகிறது.

தேடுபொறி ஒவ்வொரு தேடலுக்கும் பக்கங்களைத்தான் வரிசைப்படுத்துகிறது; தளத்தை மொத்தமாக எடுத்து ஓர் இடத்தில் வைப்பதில்லை. ஒரே தேவைக்கு உங்களிடம் இரண்டு பக்கங்கள் இருக்கும்போது, எது பொருத்தம் என்ற முடிவை நீங்கள் எடுக்காமல் கூகுளிடம் விட்டுவிடுகிறீர்கள். பிற தளங்கள் உங்களுக்குக் கொடுக்கும் இணைப்புகளில் சில விலைப் பக்கத்திற்கும் சில கட்டுரைக்கும் போகின்றன. உங்கள் முகப்புப் பக்கம் ஒன்றைச் சுட்டுகிறது, முகநூல் பதிவு மற்றொன்றைச் சுட்டுகிறது. பால்மரத் தோட்டத்தில் ஒரே நிரையை இரண்டு பேருக்குக் கொடுத்தால் மரம் கூடுதலாகப் பால் தருவதில்லை. இருவர் வாளியும் பாதியில்தான் நிற்கும். உங்கள் பக்கங்கள் இரண்டும் இப்போது அந்த நிலையில் இருக்கின்றன.

ஆனால் எதையும் நீக்குவதற்கு முன், மோதல் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் உங்கள் தளத்தைச் சேர்த்திருந்தால், 'பெர்ஃபார்மன்ஸ்' அறிக்கையைத் திறந்து, 'குவெரீஸ்' பட்டியலில் உங்கள் தேடுசொல்லைச் சொடுக்குங்கள். பிறகு அருகிலுள்ள 'பேஜஸ்' பட்டியலுக்கு மாறினால், அந்தச் சொல்லுக்காகக் காட்டப்பட்ட உங்கள் பக்கங்கள் மட்டும் வரிசையாக நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, கடந்த சில மாதங்களின் வரைபடத்தைப் பாருங்கள். விலைப் பக்கத்தின் கோடு இறங்கும் அதே நாள்களில் கட்டுரையின் கோடு ஏறி, பிறகு இது இறங்க அது ஏறினால், நீங்கள் கண்ணால் கண்ட மாற்றம் தற்செயலானதன்று. இந்த அறிக்கையில் 16 மாதத் தரவு கிடைக்கும் என்பதால், சென்ற ஆண்டின் திருமணப் பருவத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மிகச் சிலரே தேடும் சொற்களைத் தனிமனிதர் மறைமை கருதிக் கூகுள் இந்தப் பட்டியலில் காட்டுவதில்லை. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவிலுள்ள நம்மூர் போன்ற சிறு பட்டணத்தில், ஒரு குறிப்பிட்ட சொற்றொடரை மாதத்திற்குக் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே தேடியிருக்கலாம். அதனால் முழுச் சொற்றொடரைத் தேடாமல், 'கூடாரம்' என்ற சொல்லை உள்ளடக்கிய எல்லாத் தேடல்களையும் வடிகட்டிப் பாருங்கள். மேலும், ஒரே தேடலில் உங்கள் இரண்டு பக்கங்களும் தோன்றினால், தளக் கணக்கில் அது ஒரு முறை என்றும் பக்கக் கணக்கில் பக்கத்திற்கு ஒன்று என்றும் பதிவாகும். கூட்டிப் பார்த்துக் கணக்கு இடிக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

அடுத்துச் செய்ய வேண்டியதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது; பலர் தாண்டிச் செல்வதும் அதைத்தான். கூடாரம் தேடுகிறவர் யார் யார் என்று பிரித்துப் பாருங்கள். மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் வைத்திருப்பவர் மாதக்கணக்கில் முன்பே தேடுகிறார். அவருக்குப் படங்கள் வேண்டும், துணி அலங்காரத்தின் நிறங்கள் வேண்டும், எத்தனை பேர் அமரலாம், மழை வந்தால் ஓரங்களை மறைக்க முடியுமா என்ற விவரங்கள் வேண்டும். நான்கு கடைகளின் விலையை ஒப்பிட்டுவிட்டுத்தான் அவர் அழைப்பார். ஹேவூட் தோட்டத்திலோ எல்ஃபில் தோட்டத்திலோ விடியற்காலையில் ஒரு துக்கம் நிகழ்ந்து, வீட்டு வாசலில் பத்து மணிக்குள் நிழல் வேண்டும் என்று தேடுகிற மருமகனும் அதே 'கூடார வாடகை' என்ற சொல்லைத்தான் தட்டச்சு செய்கிறார். அவருக்கு அலங்காரப் படம் ஒன்றும் வேண்டாம். இன்றே வருவீர்களா, எத்தனை மணிக்கு, யாரை அழைப்பது என்ற மூன்று செய்திகள் கைப்பேசித் திரையின் மேற்பகுதியிலேயே இருந்தால் போதும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் குழுவின் செயலாளரோ, மூன்று நாளைக்கு மொத்தமாக எவ்வளவு, மேசை நாற்காலியும் சேர்த்தா, ரசீது கிடைக்குமா என்று கேட்பார்.

இவர்களுக்கு மூன்று பக்கங்கள் இருப்பதில் தவறே இல்லை. எல்லாவற்றிலும் 'கூடாரம்' என்ற சொல் இருந்தாலும் அவை மோதிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு, ஏனென்றால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யவில்லை. தலைப்பிலேயே அந்த வேறுபாடு தெரிய வேண்டும்: 'திருமணக் கூடாரமும் அலங்காரமும்', 'துக்க வீட்டுக்கு உடனடிக் கூடாரம்', 'கோயில் திருவிழாவுக்கு நாள் வாடகை' என்பது போல.

உங்கள் விலைப் பக்கமும் 2022 கட்டுரையும் அப்படிப்பட்டவையல்ல என்று நினைக்கிறேன். 'கூடாரம் வாடகைக்கு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை' என்று தொடங்கி, கடைசியில் பழைய விலையையும் தொலைபேசி எண்ணையும் கொடுக்கும் கட்டுரைதானே அது? அப்படியானால் இந்தத் தேடலுக்கு உரிய பக்கமாக விலைப் பக்கத்தையே வைத்துக்கொண்டு, கட்டுரையில் பயனுள்ள பத்திகளை, எடுத்துக்காட்டாக எந்த அளவுக் கூடாரத்திற்கு எவ்வளவு இடம் தேவை என்ற பகுதியை, விலைப் பக்கத்திற்கு மாற்றுங்கள். பிறகு கட்டுரையின் முகவரியிலிருந்து விலைப் பக்கத்திற்கு 301 எனப்படும் நிலையான திசைமாற்றத்தை அமையுங்கள். வேர்ட்பிரஸில் இதற்கென்றே 'ரீடைரக்‌ஷன்' என்ற இலவசச் செருகுநிரல் இருக்கிறது. கட்டுரையை வெறுமனே அழித்துவிட்டால், அதற்குக் கிடைத்திருந்த இணைப்புகளின் பயன் போய்விடுவதோடு, பழைய இணைப்பைச் சொடுக்குகிறவருக்கும் 'பக்கம் இல்லை' என்ற செய்திதான் கிடைக்கும். முகப்புப் பக்கத்திற்குத் திருப்பிவிடுவதும் வேண்டாம். தொடர்பில்லாத இடத்திற்குத் திருப்பப்பட்ட முகவரியை இல்லாத பக்கமாகவே கூகுள் கருதக்கூடும்.

திசைமாற்றம் போட்டபின் உள் இணைப்புகளையும் திருத்துங்கள். பழைய கட்டுரையைச் சுட்டிய பட்டன், பட்டி, அடிக்குறிப்பு எல்லாம் நேரடியாக விலைப் பக்கத்தைச் சுட்ட வேண்டும். 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாமல், 'கூடார வாடகை விலைகள்' என்று எழுதி இணைப்புக் கொடுங்கள். எந்தப் பக்கம் எதற்கு உரியது என்பதைத் தேடுபொறி இணைப்புச் சொற்களிலிருந்தும் புரிந்துகொள்கிறது. கூகுள் வரைபடத்தில் உங்கள் கடைக்கான விவரக் குறிப்பு இருக்குமானால், அதிலுள்ள இணையத்தள இணைப்பு எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஊர்ப் பெயரோடு கடையைத் தேடுகிறவருக்குப் பெரும்பாலும் வரைபடப் பெட்டிதான் முதலில் கண்ணில் படுகிறது.

கேள்வி: எங்கள் தளத்தில் ஒரே செய்தி தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் இருக்கிறது. இவையும் போட்டிப் பக்கங்களாகக் கொள்ளப்படுமா? மலாயில் சிலர் 'செவா கனோப்பி' என்றும் சிலர் 'செவா கெமா' என்றும் தேடுகிறார்கள். அவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் வேண்டுமா?
*மேற்படிக் கடிதத்தின் இரண்டாம் பகுதி*

பதில்: மொழி வேறானால் போட்டி இல்லை. மலாயில் தேடுகிறவருக்கு மலாய்ப் பக்கத்தையும் தமிழில் தேடுகிறவருக்குத் தமிழ்ப் பக்கத்தையும் காட்டவே கூகுள் விரும்பும். இவை ஒரே பக்கத்தின் மொழி வடிவங்கள் என்பதை 'எச்ரெஃப்லாங்' என்ற குறியீட்டால் தெரிவியுங்கள். கூகுள் அதை 2011-இலிருந்து ஏற்கிறது. மூன்று பக்கங்களும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். ஒன்று சுட்டி மற்றொன்று திருப்பிச் சுட்டாவிட்டால் அந்தக் குறியீடு பயனற்றுப் போகும். ஒன்றுபோல் இருக்கும் பக்கங்களில் எதை முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்று கூகுளுக்குச் சொல்லும் 'கெனானிக்கல்' குறியீட்டில் மட்டும் கவனம் தேவை. தமிழ், மலாய்ப் பக்கங்களின் கெனானிக்கல் முகவரியாக ஆங்கிலப் பக்கத்தை எழுதி வைத்திருக்கும் தளங்கள் உண்டு. அப்படிச் செய்வது, இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஆங்கிலத்தை மட்டும் எடுத்துக்கொள் என்று நாமே கேட்டுக்கொள்வதாகும். ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே கெனானிக்கலாகக் காட்டட்டும்.

கனோப்பி, கெமா கேள்விக்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு சொற்களையும் தனித்தனியாகக் கூகுளில் தேடி, முதல் பக்கத்தில் வரும் தளங்களை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அதே தளங்களே வந்தால், தேடுகிறவர்களின் தேவையை ஒன்றாகவே கூகுள் கருதுகிறது என்று பொருள். ஒரே மலாய்ப் பக்கத்தில் இரண்டு சொற்களையும் இயல்பாகப் பயன்படுத்தினால் போதும். ஒன்றில் வாடகைக் கடைகளும் மற்றொன்றில் முகாமுக்கான சிறு கூடாரங்களை விற்கும் கடைகளும் நிறைந்து வந்தால், அந்த இரண்டாவது சொல்லைத் தேடுவோரில் பலர் உங்கள் வாடிக்கையாளரே அல்லர்.

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டிலேயே முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை செய்து தீபாவளிக்கு விற்கிறேன். ஆண்டுதோறும் 'தீபாவளிப் பலகாரம் முன்பதிவு' என்று அந்தந்த ஆண்டின் பெயரில் புதிய பக்கம் போடுகிறேன். இப்போது பழைய பக்கங்களே தேடலில் முந்துகின்றன. பழைய விலையைப் பார்த்துவிட்டுப் புலனத்தில் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யலாம்?
*பலகாரம் செய்யும் வாசகி, லிந்தாங் வட்டாரம்*

பதில்: சகோதரி, உங்கள் பழைய பக்கங்கள் முந்துவதில் வியப்பில்லை. அவை பல காலமாக இருக்கின்றன; அவற்றை நண்பர்கள் பகிர்ந்திருக்கிறார்கள்; சொடுக்கியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய பக்கம் போடும்போது அந்தச் சேமிப்பையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு வெறுங்கையோடு தொடங்குகிறீர்கள்.

முகவரியில் ஆண்டு இல்லாத ஒரே நிலையான பக்கத்தை உருவாக்குங்கள். ஆண்டு தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் இருக்கட்டும், அதை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். முகவரியை மட்டும் தொடாதீர்கள். பிறகு 2022, 2023, 2024 என்றிருக்கும் பழைய பக்கங்கள் ஒவ்வொன்றையும் 301 மூலம் நேராக அந்த நிலையான பக்கத்திற்குத் திருப்புங்கள். 2022-ஐ 2023-க்கும், 2023-ஐ 2024-க்கும் எனச் சங்கிலியாகக் கட்ட வேண்டாம். அது இயங்காமல் போகாது என்றாலும், நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் பின்னால் இருப்பதெல்லாம் அறுந்துவிடும்.

பண்டிகை முடிந்ததும் பக்கத்தை மூடிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. மூட வேண்டாம். 'இவ்வாண்டு முன்பதிவு முடிந்தது' என்று ஒரு வரி போட்டு, விலைப்பட்டியலை எடுத்துவிட்டு, பலகார வகைகளையும் படங்களையும் அப்படியே வையுங்கள். தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8 என்று நாள் நகர்ந்துகொண்டே இருப்பதால், சென்ற ஆண்டு எந்தத் தேதியில் பக்கத்தைப் புதுப்பித்தோம் என்பதை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இந்தத் திசைமாற்ற வேலையைப் பண்டிகைக்கு நெருக்கத்தில் செய்ய வேண்டாம். பழைய முகவரிகளைக் கூகுள் மீண்டும் வந்து பார்த்து, மாற்றத்தை ஏற்றுக்கொள்ள வாரங்கள் ஆகலாம். சில பக்கங்களுக்கு மாதங்களும் ஆகலாம். மாவு அரைக்கும் நேரத்தில் இதில் கை வைத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

கேள்வி: சுங்கை சிப்புட், கோலகங்சார், செம்மோர் ஆகிய மூன்று இடங்களில் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறோம். தளம் அமைத்தவர் இந்த மூன்றோடு, நாங்கள் வகுப்பே நடத்தாத பல ஊர்களுக்கும் பக்கங்கள் போட்டிருக்கிறார். ஊர்ப் பெயரைத் தவிர எல்லாம் ஒரே எழுத்துதான். யு.பி.எஸ்.ஆர். வகுப்புப் பக்கமும் இன்னும் இருக்கிறது. எதை வைப்பது, எதை எடுப்பது?
*பிரத்தியேக வகுப்பு நடத்தும் ஆசிரியர்*

பதில்: வகுப்பு இல்லாத ஊர்களின் பக்கங்களை எடுத்துவிடுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நகலெடுத்து, எல்லோரையும் ஒரே இடத்திற்கு இழுக்கும் இத்தகைய பக்கங்களை வாசல் பக்கங்கள் என்று வகைப்படுத்தி, கூகுள் தன் ஸ்பேம் கொள்கையிலேயே கண்டித்திருக்கிறது; அவற்றைப் பின்தள்ளும் மாற்றத்தை 2015-இலேயே அறிவித்தது. முதல் பதிலில் தண்டனை இல்லை என்று சொன்னேன். இது அந்த வகையைச் சேர்ந்ததன்று.

உண்மையான மூன்று நிலையங்களுக்கும் தனிப் பக்கங்கள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அவை நகலாக இருக்கக் கூடாது. எந்த நிலையத்தில் எஸ்.பி.எம். கூடுதல் கணிதம் உண்டு, எதில் இல்லை; எந்தக் கிழமை, எத்தனை மணி; தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேன் வசதி உண்டா; கட்டடம் எங்கே இருக்கிறது, எதற்கு எதிரே என்ற விவரங்கள் மூன்றிலும் வேறுபடுமே, அவற்றை எழுதுங்கள். பெற்றோர் கேட்பதும் இவற்றைத்தான். உங்கள் கற்பித்தல் முறை, அனுபவம் போன்ற பொதுச் செய்திகளை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்றிலிருந்தும் அங்கே இணைப்புக் கொடுங்கள்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அந்தப் பக்கத்தை நாடி வருகிறவர் பெரும்பாலும் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையின் பெற்றோராகவே இருப்பார் என்பதால், ஆறாம் ஆண்டு வகுப்புக்கான பக்கம் ஒன்று உங்களிடம் இருந்தால் அதற்கு 301 கொடுங்கள். ஊர்ப் பெயர்ப் பக்கங்களில், மாணவர்கள் உண்மையில் வந்து சேரும் ஊருக்குரியவற்றை மட்டும் அருகிலுள்ள நிலையத்தின் பக்கத்திற்குத் திருப்பலாம். மற்றவற்றுக்கு மாற்றுப் பக்கம் தேட வேண்டாம். இல்லாத பக்கம் என்றே இருக்கட்டும்.

கேள்வி: 'பால்கோவா செய்முறை' என்று தேடினால் என் சமையல் தளத்தின் இரண்டு பக்கங்கள் அடுத்தடுத்து மேலே வருகின்றன. கட்டணம் கட்டி வாங்கிய ஒரு மென்பொருள் இதைச் சிவப்பில் காட்டி, உடனே சரிசெய்யச் சொல்கிறது. இணைக்கட்டுமா?
*சமையல் குறிப்புகள் எழுதும் வாசகி*

பதில்: கை வைக்காதீர்கள். ஒரே தளத்திலிருந்து பொதுவாக இரண்டு முடிவுகளுக்கு மேல் முன்னணியில் காட்டுவதில்லை என்று கூகுள் 2019 ஜூனில் அறிவித்தது; அந்த இரண்டு இடங்களும் உங்களுக்கே கிடைத்திருக்கும்போது அதில் குறை காண்பானேன்? ஒன்று பாலைக் காய்ச்சிச் செய்வது, மற்றொன்று டின் பாலில் விரைவாகச் செய்வது என்றால், இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். மென்பொருள்கள் பெரும்பாலும் சொற்களை ஒப்பிட்டுத்தான் சிவப்புக் கொடி காட்டுகின்றன. இரண்டு பக்கங்களும் நல்ல இடத்தில் இருக்கின்றனவா, ஒன்று மற்றொன்றைக் கீழே இழுக்கிறதா என்பதை நீங்கள்தான் சர்ச் கன்சோலில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முன்னேயும் மற்றொன்று பல பக்கங்கள் தள்ளி யாரும் சொடுக்காமலும் கிடந்தால், அப்போது இணைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: கடைக்காரர்களுக்காகக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியிருக்கிறேன். இந்த மோதல் வராமல் முன்கூட்டியே தடுப்பது எப்படி? ஒவ்வொரு பக்கத்திலும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' பகுதியில் வேறு வேறு சொற்களைக் கொடுத்தால் போதுமா?
*கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்*

பதில்: பக்கத்தின் நிரலுக்குள் தேடுசொற்களை எழுதி வைக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் குறியீட்டைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதை நிரப்பும் நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம், தம்பி.

ஒரு விரிதாள் போதும். தளத்திலுள்ள ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு வரி. முகவரி, முதன்மைத் தேடுசொல், அதைத் தேடுகிறவருக்கு என்ன வேண்டும் என்று உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வாக்கியம். இந்த மூன்றாவது நெடுவரிசைதான் உயிர். 'கூடார வாடகை' என்று மட்டும் எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து நீங்களே அதே கட்டுரையை வேறு தலைப்பில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். 'துக்க வீட்டில் இன்றே கூடாரம் வேண்டுகிறவர்' என்று எழுதியிருந்தால் கை தானாக நிற்கும். கடைக்காரர் புதிய கட்டுரை கேட்கும்போது அந்த நெடுவரிசையைப் படித்துப் பாருங்கள். அதே தேவைக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்தால், புதியது எழுதாமல் பழையதை விரிவாக்கிக் கொடுங்கள். மாதத்திற்கு இத்தனை கட்டுரை என்று பேசிக் கூலி வாங்கும் வழக்கம் இதற்கு நேரெதிரானது. பேரம் பேசும்போதே, புதுப்பித்துக் கொடுப்பதும் ஒரு கட்டுரைக்குச் சமம் என்று ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள்.

புதிய தலைப்பை எழுதும் முன், கூகுளில் 'சைட்' (site:) என்ற தேடல் கட்டளையோடு தளத்தின் முகவரியையும் தேடுசொல்லையும் கொடுத்துப் பாருங்கள். அந்தத் தளத்தில் அதைப் பற்றி இருக்கும் பக்கங்கள் வரும். பட்டியல் முழுமையானதாக இருக்காது என்றாலும், மறந்துபோன பழைய கட்டுரைகள் அதில் அகப்படும்.

கேள்வி: எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் பத்துப் பதினைந்து குறிச்சொற்கள் போட்டு வந்தோம். இப்போது குறிச்சொல் பக்கங்களே தேடலில் வருகின்றன. 'ரோபோட்ஸ்' கோப்பில் தடுத்துவிட்டால் தீருமா?
*தையல் கடை நடத்தும் வாசகி, சாலாக்*

பதில்: வேர்ட்பிரஸ் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தானாக ஒரு தொகுப்புப் பக்கத்தை உருவாக்குகிறது. 'ரவிக்கை', 'ரவிக்கை தையல்', 'ரவிக்கை மாடல்' என்று நீங்கள் போட்டிருந்தால், ஒரே பதிவுகளைக் காட்டும் மூன்று பக்கங்கள் உங்களுக்குத் தெரியாமலேயே பிறந்திருக்கும். ஒரு பதிவு மட்டுமே உள்ள குறிச்சொற்களை நீக்கிவிடுங்கள். எஞ்சியவற்றுக்கு, தேடலில் காட்ட வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறியீட்டைக் கொடுங்கள். தேடுபொறிக்கு ஏற்பத் தளத்தைச் சீர்செய்யப் பரவலாகப் பயன்படும் எஸ்.இ.ஓ. செருகுநிரல்களில் குறிச்சொல் பக்கங்களுக்கென்று அந்த அமைப்பு இருக்கும்.

ரோபோட்ஸ் கோப்பில் தடுக்க வேண்டாம். அங்கே தடுத்தால் கூகுள் அந்தப் பக்கத்திற்குள் வர முடியாது. வர முடியாததால் நீங்கள் போட்ட நோஇண்டெக்ஸ் குறியீட்டையும் அது படிக்காது. பிற இணைப்புகள் வழியாக முகவரியை அறிந்து, விவரமின்றித் தேடலில் காட்டிக்கொண்டிருக்கவும் கூடும். கெனானிக்கலும் இங்கே பொருந்தாது. அது ஒன்றுபோல் இருக்கும் நகல்களுக்கு உரியது. அதுவும் கட்டளையன்று, கூகுள் ஏற்கவும் தள்ளவும் கூடிய ஒரு குறிப்புதான். நோஇண்டெக்ஸ் போட்டபின், அந்தப் பக்கங்கள் தேடலிலிருந்து விலகும்வரை ரோபோட்ஸ் கோப்பைத் திறந்தே வையுங்கள். ரவிக்கை தையலுக்கு விலையும் அளவு எடுக்கும் நேரமும் சொல்லும் ஒரு நல்ல பக்கம் இன்னும் உங்களிடம் இல்லையென்றால், குறிச்சொற்களைத் தொடுவதற்கு முன் அதை எழுதுங்கள். இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றும் வைக்காமல் விட்டால், வந்துகொண்டிருக்கும் சிலரும் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.